வேது பிடித்தலும் வியர்வை வைத்தியமும்
– எமது பாட்டிமார் தந்த கைமருந்து: பயனும் எல்லையும் –

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் வாக்கு. உடம்பை ஆலயமாகக் கண்டவர் திருமூலர். திருக்குறளிலே "மருந்து" என்றொரு தனி அதிகாரத்தை (95ஆவது அதிகாரம்) வைத்தவர் திருவள்ளுவர். ஆலயத்தைச் சுத்தமாக வைத்திருப்பது போல உடம்பையும் பேண வேண்டும் என்பது எமது சமயத்தோடும் வாழ்வோடும் ஒன்றிக் கலந்த எண்ணமாகும். அந்த வகையிலே எமது ஹாலிஎல, பதுளைப் பகுதித் தோட்டங்களிலும் கிராமங்களிலும் இன்றும் வழக்கிலுள்ள ஒரு கைமருந்து முறையைப் பற்றி இம்மலரிலே சிந்திப்பது பொருத்தமாகும். உடம்பை வியர்க்க வைத்து நோயை விரட்டும் முறையே அது. வேது பிடித்தல், ஒத்தடம் கொடுத்தல், கசாயம் குடித்துக் கம்பளி போர்த்திப் படுத்தல் என்று பல பெயர்களில் அதை நாம் அறிவோம்.

இம்முறையை முற்றாகத் தள்ளிவிடுவதும் தவறு. எல்லாக் காய்ச்சலுக்கும் இதுவே போதும் என்று இருந்துவிடுவதும் தவறு. எங்கே இது நன்மை தரும், எங்கே உயிருக்கே ஆபத்தாகும் என்பதைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குளிர் தேசத்துக்கு வந்த வைத்தியம்

எமது முன்னோர் 19ஆம் நூற்றாண்டிலே திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை போன்ற வெப்பமான மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து வந்து, கால்நடையாகவே மலைநாட்டை அடைந்தவர்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான். வெயிலிலே பழகிய உடம்புக்கு மலைக்குளிரும் பனியும் மழையும் பெரும் சோதனையாக இருந்தன. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவமழை எமது பகுதியைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த துணியோடு கொழுந்து பறித்து, நனைந்த துணியோடே லயத்துக்குத் திரும்பும் வாழ்க்கை அது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக அன்றைய அரசு 1872ஆம் ஆண்டிலே ஒரு சட்டத்தை இயற்றியது. சட்டம் வந்தாலும் டிஸ்பென்சரி எல்லாத் தோட்டங்களுக்கும் வந்துவிடவில்லை. எனவே அடுப்பங்கரையே வைத்தியசாலையாயிற்று. மருத்துவிச்சிப் பாட்டியும் லயத்து மூத்த பெண்களுமே வைத்தியர்களாயினர். மழைக்கும் குளிருக்கும் மேலே போட்டுக்கொண்ட கம்பளியே காய்ச்சல் நாளிலே வேது பிடிக்கும் கூடாரமுமாயிற்று.

ஊரிலே பிடித்த நொச்சியும் வேம்பும் இங்கே கிடைக்காத இடத்தில், மலையிலே கிடைத்ததைக் கொண்டு அவர்கள் சமாளித்தார்கள். விறகுக்காக வளர்க்கப்பட்ட யூகலிப்டஸ் (சிலர் "டர்பன்டைன் மரம்" என்பர்), பத்தனை வெளிகளில் செழித்து வளரும் மானாப்புல், வீட்டு வாசலில் நட்ட கற்பூரவல்லி, துளசி, ஆடாதோடை ஆகியன அந்தப் பானைக்குள் சேர்ந்தன. சிங்கள அயலவரிடமிருந்து "பஸ்பங்குவ" என்னும் ஐந்து சரக்குக் கசாயத்தையும் கற்றுக்கொண்டோம். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் என்னும் ஐந்தும் சேர்ந்ததே அது. வைத்தியத்துக்கு இனமும் மொழியும் இல்லை என்பதற்கு எமது அடுப்பங்கரையே சாட்சி.

2. நூல்கள் சொல்வது

இது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. சாஸ்திரமும் இதற்கு உண்டு. சித்த வைத்தியம் மருந்துகளை அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுக்கிறது. அந்தப் புறமருந்துகளில் வேதும் ஒற்றடமும் இடம்பெறுகின்றன. ஆயுர்வேதத்திலே இது "ஸ்வேதனம்" எனப்படும். ஸ்வேதம் என்றால் வியர்வை. சரக சம்ஹிதை ஸ்வேதனத்தை 13 வகையாகப் பிரித்துக் கூறுகிறது.

பௌத்த துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் வினய நூல்களிலே "ஜந்தாகரம்" என்னும் வெப்ப அறை பற்றிச் சொல்லப்படுகிறது. துறவிகள் அங்கே அமர்ந்து வியர்த்து உடம்பைத் தேற்றிக்கொண்டனர். மிகிந்தலையில் பழைய வைத்தியசாலையின் இடிபாடுகளுக்கிடையே, மனித உருவ அளவில் குடையப்பட்ட கல்மருந்துத் தொட்டியை யாத்திரை சென்ற பலரும் கண்டிருப்பீர்கள். மூலிகை நீரிலோ எண்ணெயிலோ நோயாளியைக் கிடத்தும் முறைக்கு அது சான்றாகும்.

உலகெங்கும் இவ்வழக்கம் உண்டு. பின்லாந்து மக்களின் "சவுனா" என்னும் வெப்ப அறைக் குளியலை யுனெஸ்கோ நிறுவனம் 2020இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. துருக்கியரின் "ஹமாம்", மெக்சிக்கோ பழங்குடியினரின் "தெமஸ்கால்" ஆகியனவும் இவ்வகையே.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்றுண்டு. சரக சம்ஹிதை யாருக்கு ஸ்வேதனம் செய்யலாம் என்று சொல்வதோடு நிற்கவில்லை; யாருக்குச் செய்யக்கூடாது என்றும் நீண்ட பட்டியல் தருகிறது. கர்ப்பிணிகள், இரத்தப்போக்கு உள்ளவர்கள், வயிற்றோட்டம் உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், காமாலை உள்ளவர்கள், மிகவும் பலவீனமானவர்கள், தாகத்தோடும் பசியோடும் இருப்பவர்கள், மது அருந்தியவர்கள் ஆகியோர் அதில் அடங்குவர். எமது ஊர் வழக்கிலும் இந்தப் பகுத்தறிவு உண்டு. தடிமனுக்கு வேது பிடித்த அதே பாட்டி, வீட்டிலே அம்மை போட்டிருந்தால் வேதுப் பானையைத் தொடமாட்டாள். வேப்பிலை, இளநீர், மோர், குளிர்ச்சி என்றே நடப்பாள். ஆகவே "காய்ச்சல் என்றால் வியர்க்க வை" என்பது எமது மரபு அல்ல. "எந்தக் காய்ச்சல் என்று பார்த்து நட" என்பதே மரபு. இதை நாம் மறந்துவிட்டோம்.

3. வியர்வை என்ன செய்கிறது?

எமது தோலில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உண்டு. வியர்வையின் பெரும்பகுதி, நூற்றுக்கு 99 பங்கு, தண்ணீர்தான். மீதி உப்பும் சிறிதளவு வேறு பொருட்களும். "வியர்வையோடு நோய் விஷம் வெளியேறுகிறது" என்று சொல்லக் கேட்கிறோம். உடம்பின் கழிவுகளை வெளியேற்றும் பெரும்பணியைச் சிறுநீரகமும் ஈரலுமே செய்கின்றன. வியர்வையின் வேலை உடம்பைக் குளிர்விப்பது. தோலில் உள்ள நீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே இதுவும்.

காய்ச்சல் வரும்போது நடப்பதைப் பாருங்கள். எமது மூளையிலே உடம்பின் சூட்டை அளந்து வைக்கும் ஒரு பகுதி உண்டு. வழமையாக அது ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில் நிற்கும். கிருமி புகுந்ததும் அந்த அளவு 39, 40 என்று உயர்த்தப்படுகிறது. அந்த அளவை எட்டும்வரை உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்குகிறது. குளிருகிறது என்று போர்வை கேட்கிறோம். பிறகு கிருமியின் வேகம் குறைந்தோ மருந்து வேலை செய்தோ அந்த அளவு கீழே இறங்கும். அப்போது மிஞ்சிய சூட்டை வெளியேற்ற உடம்பு வியர்க்கிறது.

அதாவது, காய்ச்சல் இறங்குவதால் வியர்வை வருகிறது. வியர்வை வந்ததால் காய்ச்சல் இறங்கவில்லை. சேவல் கூவுவதும் பொழுது விடிவதும் ஒன்றாக நடக்கின்றன. அதற்காகச் சேவலைக் கூவ வைத்தால் பொழுது விடிந்துவிடுமா? கொதிக்கும் உடம்பின் மேல் மூன்று கம்பளியைப் போர்த்தி வலிந்து வியர்க்க வைத்தால், வியர்வை ஆவியாக வழியின்றி உடம்பின் சூடு மேலும் ஏறும். உடம்பின் தண்ணீரும் உப்பும் வீணே இறங்கும்.

மலேரியாவே இதற்கு நல்ல பாடம். குளிர், கொதிப்பு, வியர்வை என்று மூன்று கட்டமாக அது வரும். வியர்த்ததும் நோயாளி எழுந்து உட்கார்வார். குணமாகிவிட்டது என்று எண்ணுவார்கள். ஒருநாள், இருநாள் கழித்து மீண்டும் நடுக்கம் வரும். 1934–35 ஆண்டுகளில் இலங்கையில் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். அந்த நோயாளரும் ஒவ்வொரு முறையும் வியர்த்தவர்களே. கிருமியைக் கொன்றது வியர்வையல்ல. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினாவும் பின்வந்த மருந்துகளுமே. அந்தச் சிங்கோனாவை வளர்க்கவே ஹக்கலைத் தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டது. நுளம்பை ஒழித்து, நோயாளரைத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்ததால் 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

4. எங்கே பயன் உண்டு?

அப்படியானால் எமது பாட்டிமார் செய்ததெல்லாம் வீணா? இல்லை. தடிமன், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, மழையில் நனைந்த உடம்பு வலி, கூடை சுமந்த முதுகுப் பிடிப்பு ஆகியவற்றுக்கு இம்முறைகள் சுகம் தருகின்றன. சூடான ஈரக்காற்று மூக்கிலுள்ள சளியை இளக்குகிறது. சூட்டினால் இரத்தம் நன்றாக ஓடித் தசை இளகுகிறது. சூடான கசாயத்தால் உடம்புக்கு வேண்டிய நீர் சேர்கிறது. தடிமனின் நாட்களை ஆவி பிடித்தல் குறைப்பதாக ஆய்வுகளில் உறுதியாகக் காணப்படவில்லை. ஆனால் படும் பாட்டைக் குறைத்து இரவிலே தூங்க வைப்பதும் ஒரு வைத்தியம்தானே.

வேது பிடிக்கும் முறை (பெரியவர்களுக்கு மட்டும்):

(அ) ஒரு பானையில் முக்கால்பங்கு நீர் விட்டு, நொச்சி, யூகலிப்டஸ், துளசி, கற்பூரவல்லி இவற்றில் கிடைத்த இலைகளில் இரண்டு பிடி போட்டு மூடிக் கொதிக்க வைக்கவும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்ப்பதும் வழக்கம்.

(ஆ) பானையை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத சமதரையில் வைத்து, ஐந்து நிமிடம் பொறுக்கவும். அடுப்பில் இருக்கும் பானையின் மேல் ஒருபோதும் குனியக்கூடாது.

(இ) பலகையில் அமர்ந்து, போர்வையால் மூடி, கண்ணை மூடி, ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் முகத்தை வைத்துக்கொள்ளவும். பானையின் மூடியைச் சிறிது சிறிதாகத் திறக்கவும்.

(ஈ) ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். தலை சுற்றினாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்தவும்.

(உ) வியர்வையைத் துடைத்து, உலர்ந்த துணி மாற்றி, இளஞ்சூடாகக் கொத்தமல்லித் தண்ணீரோ கஞ்சியோ குடிக்கவும். வியர்த்த அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகவேண்டும்.

ஒத்தடத்துக்கு உப்பு, தவிடு, மணல் இவற்றில் ஒன்றை வறுத்துத் துணியில் முடிந்து, முதலில் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பின்பே நோயாளிக்கு வைக்கவேண்டும். வேது குளிப்புக்கான நீரையும் அவ்வாறே பார்க்கவேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு இலை அவித்த நீர் வார்ப்பது எமது வழக்கம். சத்திரசிகிச்சை செய்து பிள்ளை பெற்றவர்கள் காயம் ஆறும்வரை குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டே இதைச் செய்யவேண்டும்.

கசாயத்துக்கு, ஒரு கைப்பிடி கொத்தமல்லியை இலேசாக வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிப் போட்டு, இரண்டு கோப்பை நீர் ஒரு கோப்பையாகும்வரை காய்ச்சவும். வைத்தியர் கட்டித்தரும் பொட்டலக் கசாயங்களை எட்டுக்கு ஒன்றாகக் காய்ச்சுவது இலங்கை வழக்கம். அவற்றை வைத்தியர் சொன்னபடியே செய்யவேண்டும்.

5. செய்யக்கூடாதவை

சிறுபிள்ளைகளுக்கு வேது பிடிக்கவே கூடாது. பானை கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் உலகெங்கும் நடக்கின்றன. கொரோனா காலத்தில் பெற்றோர் அவசரப்பட்டுப் பிள்ளைகளுக்கு ஆவி பிடித்ததால் வெந்த காயங்களோடு வரும் பிள்ளைகளின் தொகை திடீரெனக் கூடியதாக, 2020இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சிறுவர் மருத்துவமனை மருத்துவர்கள் எச்சரித்தனர். தமிழ்நாட்டிலும் 2021 மே மாதத்தில், பொது இடங்களில் கூட்டாக ஆவி பிடிப்பதால் நோய் பரவும் என்று சுகாதார அமைச்சர் அதைத் தவிர்க்கச் சொன்னார்.

கைக்குழந்தைக்குக் கற்பூரத்தையும் யூகலிப்டஸ் எண்ணெயையும் மூக்கருகே பூசுவதோ உள்ளே கொடுப்பதோ ஆபத்து. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

நீரிழிவு உள்ளவர்களின் பாதத்தில் சூடு தெரியாது. சுட்ட செங்கல், சுடுநீர்ப் போத்தல், ஒத்தடம் எதையும் அவர்கள் காலில் வைக்கக்கூடாது. சிறு கொப்புளம் பெரும் புண்ணாகிக் காலையே இழக்க நேரிடும்.

குளிருக்காகக் காம்பராவின் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே கரிச்சட்டி வைத்துத் தூங்கக்கூடாது. கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

6. வியர்வை இருவகை – தாய்மார் மனதில் வைக்கவேண்டியது

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள்.

முன்பு பெருநகரங்களின் நோயாகப் பேசப்பட்ட டெங்கு இன்று மலைநாட்டுக்கும் வந்துவிட்டது. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்துடன் பதிவாகினர். இந்நோயின் தந்திரம் யாதெனில், காய்ச்சல் கொதிக்கும் நாட்களைவிடக் காய்ச்சல் விடும் நாளே ஆபத்தான நாள். மூன்றாம் நாள் தொடங்கி ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இரத்த அழுத்தம் விழும். அப்போது உடம்பு குளிர்ந்து, கைகால் சில்லிட்டு, பிசுபிசுவென வியர்க்கும்.

பார்க்கும் தாய்க்கு என்ன தோன்றும்? "கசாயம் கேட்டது, பிள்ளை வியர்த்துவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது" என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு தூங்கவிட்டால் விடியுமுன்பே நிலைமை கைமீறலாம்.

ஆகவே வியர்வையைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் உண்மையாக விட்டால் கைகால் கதகதப்பாக இருக்கும். நோயாளி பசி என்பார், எழுந்து உட்கார்வார், சிறுநீர் வழமைபோல் போவார். அது நல்ல வியர்வை. கைகால் சில்லிட்டு, முகம் வெளிறி, சோர்ந்து, பேச்சுக் குறைந்து வியர்த்தால் அது கெட்ட வியர்வை. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

எலிக்காய்ச்சலும் இப்படியே. வயல், ஓடை, சேற்று நீரில் இறங்குவோருக்கு இது வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையிலும் மண்சரிவுகளிலும் எமது பதுளை மாவட்டம் பட்ட துயரம் நாமறிந்ததே. அத்தகைய வெள்ளங்களுக்குப் பின் இந்நோயின் பயம் கூடும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இதன் அறிகுறிகள். சிறுநீரகத்தைத் தாக்கும் நோயில், வியர்க்க வைத்து உடம்பின் நீரை இறக்குவது எரிகிற வீட்டில் தண்ணீர்த் தொட்டியை உடைப்பது போன்றது. ஆரம்பத்திலேயே வந்தால் சாதாரண நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாலேயே குணமாக்கலாம்.

குளிர்ந்த வியர்வை வேறு இரண்டு இடங்களிலும் வரும். நெஞ்சு இறுக்கத்தோடு வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். "வாய்வு" என்று ஒத்தடம் கொடுத்துக் காலம் கடத்தக்கூடாது. நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு நடுக்கத்தோடும் பசியோடும் வந்தால் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவேண்டும்.

7. காய்ச்சல் வீட்டில் செய்யவேண்டியவை

• மெல்லிய துணி போதும். நடுக்கம் இருக்கும்போது மட்டும் போர்த்தி, நின்றதும் எடுத்துவிடவும். இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைக்கலாம்.

• கஞ்சி, செவ்விளநீர், தேசிக்காய்த் தண்ணீர், ஜீவனி என அடிக்கடி குடிக்கக் கொடுக்கவும். எவ்வளவு குடித்தார், எத்தனை தரம் சிறுநீர் போனார் என்று ஒரு கடதாசியில் எழுதி வைக்கவும். வைத்தியருக்கு இது பெரிதும் உதவும்.

• பரசிற்றமோல் மட்டும், வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில் கொடுக்கவும். அஸ்பிரின், புரூபன் போன்றவை டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும், கொடுக்கக்கூடாது.

• கசாயம் குடித்தாலும் குடியுங்கள். ஆனால் அதற்காக வைத்தியரிடம் போவதைப் பின்போடாதீர்கள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு உள்ளோர் முதல் நாளே போகவேண்டும்.

• கெட்ட வியர்வையைக் கண்டால் தோட்ட லொறிக்காகக் காத்திராது 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பாதை மோசமான மேற்கணக்குத் தோட்டங்களில் இருப்போர், எந்த இடம்வரை வண்டி வரும், அதுவரை யார் தூக்கி வருவது என்பதை லயத்தார் கூடி முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

முடிவாக,

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று தேடிய பிறகே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய ஒழுங்கு. சரகரும் சித்தர்களும் அவ்வழியே நடந்தார்கள். அம்மை போட்ட வீட்டில் வேதுப் பானையை ஒதுக்கி வைத்த எமது பாட்டிமாரும் அவ்வழியே நடந்தார்கள். அவர்களிடமிருந்து பானையை மட்டும் எடுத்துக்கொண்டு, பகுத்தறிவை விட்டுவிடுவோமானால் அது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தடிமனுக்கு வேது பிடிப்போம். அலுப்புக்கு ஒத்தடம் கொடுப்போம். மழைநாளில் கொத்தமல்லித் தண்ணீரைக் குடும்பத்தோடு குடிப்போம். வாசலில் துளசியும் கற்பூரவல்லியும் நட்டு, எந்த இலை எதற்கு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். கொதிக்கும் காய்ச்சலிலோ நாட்களை எண்ணுவோம், தண்ணீர் கொடுப்போம், கைகாலைத் தொட்டுப் பார்ப்போம், காலம் தாழ்த்தாது பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ செல்வோம். அடுத்த திருவிழாவுக்கும் தேரின் வடத்தைப் பிடிக்க எமது வீட்டார் எல்லோரும் நலமாக வந்து நிற்க அன்னையின் அருள் துணை நிற்பதாக.

வாழ்க வளமுடன்!